வெள்ளை வீசும்வரை

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போவது பற்றியும், அது எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பது பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மீன்பிடி என்றதும் கடலைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் மேலூர்ப் பக்கத்து ஆள். கடல் எங்களுக்கு ராமேசுவரம் போனால் பார்க்கிற விஷயம். எங்கள் மீன் கண்மாய் மீன். அதனால் மீன்பிடித் திருவிழாவைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரை வாக்கில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா போட்டார்கள், இப்போது வாட்ஸ்அப். விடிவதற்கு முன்பே சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். 'வெள்ளை வீசுவது' என்று இதற்குப் பெயர். வீசிய மறுகணம் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருப்பார்கள். வீசுகிறவரை ஒரு கால்கூட நனையாது.

கையில் என்ன இருக்கும்? பெரியவர்களிடம் ஊத்தா, கச்சா, வலை. பெண்கள் இரண்டு பேர் ஒரு பழைய சேலையின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு அயிரை என்கிற பொடி மீனுக்குப் போவார்கள். பொடிசுகளிடம் கூடை, கொசுவலை, எதுவும் கிடைக்காவிட்டால் வெறும் கை.

ஊத்தாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மூங்கில் சிம்புகளை வட்டமாக வைத்துக் கட்டியது. அடிவாய் அகலம், மேல்வாய் கை நுழைகிற அளவு. இரண்டு பக்கமும் திறப்பு. அதைத் தண்ணீரில் குத்திக்கொண்டே ஓரடி ஓரடியாக நகர வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் சிம்பில் 'டப் டப்' என்று மோதும். அது கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அடியைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். மோதுகிற விதத்தை வைத்தே என் அப்பத்தா உள்ளே இருப்பது விராலா கெண்டையா என்று சொல்லிவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கையைக் கொண்டா" என்று என் கையைப் பிடித்து ஊத்தாவின் மேல் வைக்கும். அவ்வளவுதான் பாடம்.

மீன் பிடிப்பதை யாரும் யாருக்கும் வாயால் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. விராலை நடு உடம்பில் பிடித்தால் வழுக்கிவிடும், தலையைச் சேற்றோடு அமுக்கிச் செவுளுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். கெளுத்தியின் பக்கத்து முள் குத்தினால் அன்றைக்கு முழுக்கக் கடுக்கும், அதனால் முள்ளுக்குக் கீழே விரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கால்கள் சேற்றைக் கலக்கும்போது தண்ணீரில் மூச்சுக் குறைந்து கெண்டை முதலில் மேலே வந்து வாய் பிளக்கும். விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கிற மீன், அவசரப்படாது, சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். ஆகவே கெண்டைக்குக் கண் வேண்டும், விராலுக்குக் கால் வேண்டும். இதெல்லாம் பக்கத்தில் நிற்கிற மாமனையும் சின்னம்மாவையும் பார்த்துப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வதுதான். பக்கத்தில் நிற்க ஒரு கண்மாயும் ஒரு நாளும் இல்லையென்றால் யூடியூப்பில் போட்டு வைத்தும் பிரயோசனம் இல்லை. வீடியோவில் ஊத்தாவின் அதிர்வு கைக்கு வராதே!

சரி, பிடித்த மீன் என்ன ஆகும்? விற்கக் கூடாது. இது எழுதாத சட்டம். அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டு அடுப்பிலும் மீன் குழம்புதான் கொதிக்கும். கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். கால் முடியாமல் திண்ணையில் இருக்கும் கிழவிக்கு, கேட்காமலே நாலு வீட்டிலிருந்து குழம்பு வந்து சேரும். அயிரை கிடைத்த வீட்டில் தனி மரியாதை. உயிரோடு பாலிலோ மோரிலோ போட்டு வைத்து, அது வயிற்று மண்ணைக் கக்கிய பிறகுதான் குழம்பில் விழும். அந்தப் பொறுமை இல்லாதவர் அயிரை சாப்பிடாமல் இருப்பதே நல்லது, பல்லில் மண் கடிபடும்.

இந்த ஒரு நாளுக்கு ஊர் வருஷம் முழுக்கக் காவல் காக்கிறது. மழைக்குப் புதுத் தண்ணீர் வரும்போது சினை மீன்கள் எதிர்த்து ஏறும், அவற்றை விட்டுவிட வேண்டும். விரால் தன் குஞ்சுகளைச் சிவப்புப் பந்து போலக் கூட்டிக்கொண்டு திரியும். பார்ப்பு என்போம். தாயும் தகப்பனும் இரண்டும் காவல் இருக்கும். பார்ப்போடு இருக்கிற விராலைப் பிடித்தவனை என் ஐயா வீட்டுப் படி ஏற விடமாட்டார். தூண்டில் போடத் தெரிந்த சிறுவனுக்குப் பெரிய சோதனை அதுதான், கைக்கெட்டும் தூரத்தில் பெரிய மீன் அசையாமல் நிற்கும்.

இந்த வழக்கத்தை அப்படியே பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் கை வெள்ளை வீசலாம், யார் முதலில் இறங்கலாம் என்பதைச் சில ஊர்களில் சாதி தீர்மானித்திருக்கிறது. அந்தப் பகுதியை நம் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், நம்மோடு போகட்டும். தண்ணீருக்குள் இறங்கி ஒரே சேறு பூசிய பிறகு யார் யாரென்று தெரிவதில்லை. கரையிலும் அப்படி இருப்பதில் என்ன கஷ்டம்?

மீன்களும் மாறிவிட்டன. ஜிலேபி என்று நாம் சொந்தம் கொண்டாடுகிற மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ல்தான் இந்தியாவுக்குள் வந்தது. இன்றைக்குப் பல கண்மாய்களில் அதுதான் அதிகம். கட்லா, ரோகு வடக்கத்தி ஆற்று மீன்கள், குஞ்சு வாங்கி விடுகிறோம். இவையெல்லாம் சாப்பிட நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றின் ஈரத்தில் புதைந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பது நம் விரால். சேறே இல்லாமல் எந்திரத்தை விட்டு அள்ளி, கரையெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் அது எங்கே புதையும்? கண்மாய், குளங்களைத் தூர்வாரிச் சீரமைக்கிற குடிமராமத்துத் திட்டம் 2017-ல் மறுபடி வந்தபோது சந்தோஷப்பட்டேன். அப்புறம் சில இடங்களில் கண்மாயைத் தட்டுப் போல மட்டமாக வழித்து வைத்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. பள்ளமும் மேடும் இருந்தால்தான் கடைசித் தண்ணீர் தங்கும், கடைசி மீனும் தங்கும்.

பெரிய சிக்கல் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவது. ஊராட்சிக்கு அது வருமானம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. குத்தகை எடுத்தவர் காசு கொடுத்துக் குஞ்சு விடுகிறார், அவர் பிடித்து விற்பது நியாயம்தான். ஆனால் அவர் கடைசி மீன் வரை வழித்துக்கொண்டு போனால் ஊருக்குத் திருவிழா கிடையாது. ஒரு வருஷம் நின்றால் பரவாயில்லை. பத்து வருஷம் நின்றுபோன ஊரில், ஊத்தா என்றால் என்னவென்று பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கிறது. ஊத்தா பரணில் சிலந்தி கட்டிக் கிடக்கும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். மே 1 அன்று கிராம சபை கூடும். நாற்காலிக்கும் காபிக்கும் மட்டும் போகாமல், உங்கள் ஊர்க் கண்மாய்க்கு அடுத்த ஏலம் எப்போது என்று கேளுங்கள். குத்தகைதாரர் பிடித்து முடித்த பிறகு ஒரு நாள் ஊருக்கு விட வேண்டும், அதுவரை தண்ணீரை மோட்டார் வைத்து வற்றடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஏலத்தில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கிற மாதிரி நமக்குக் கேட்க வராது. நன்றி, வணக்கம்.