அகரம் இல்லாத தட்டச்சுப்பொறி

நேயர்களுக்கு வணக்கம். அர்ஜென்டினாவில் 2009இல் வெளியாகி, மறு ஆண்டே சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ஒரு ஸ்பானிய மொழிப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘அவர்கள் கண்களில் உறையும் ரகசியம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எதுவார்தோ சாச்செரியின் நாவலைத் தழுவி இதை இயக்கியவர் ஹுவான் ஹோசே கம்பனெல்லா.

1974இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஓர் இளம் பெண் கொல்லப்படுகிறாள். அவ்வழக்கைத் துப்பறிந்த நீதிமன்ற அலுவலர் எஸ்போசித்தோ, கால் நூற்றாண்டுக்குப் பின், ஓய்வு பெற்ற நிலையில், அதையே நாவலாக எழுத உட்காருகிறார். அன்று அவருக்கு மேலதிகாரியாக இருந்த இரேனே, இன்று நீதிபதி. அவர் எடுத்துக் கொடுக்கும் பழைய தட்டச்சுப்பொறியில் அகரம் விழுவதில்லை. நள்ளிரவில் தூக்கம் கலைந்து எழும் எஸ்போசித்தோ, தலைமாட்டுத் தாளில் ‘தேமோ’ என்று கிறுக்குகிறார். ‘அஞ்சுகிறேன்’ என்பது அதன் பொருள். நடுவில் ஓர் அகரத்தைச் சேர்த்தால் அதுவே ‘தே அமோ’, அதாவது ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்றாகிவிடும்.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இப்படத்தின் அரசியல் இருக்கிறது. 1974 ஜூலையில் அதிபர் பெரோன் இறந்து, அவருடைய மனைவி இசபெல் பதவியேற்ற பின், பெயரின் மூன்று சொற்களும் ‘A’ எழுத்தில் தொடங்கியதால் ‘மும்மை அகரம்’ என்று மக்கள் அழைத்த வலதுசாரிக் கொலைக் குழு வெறியாட்டம் ஆடிய காலம் அது. பொறியில் இல்லாத எழுத்து தெருவில் மூன்றாக நின்று ஆளைக் கொன்றது என்று எனக்குத் தோன்றும்; இயக்குநர் அதை எண்ணித்தான் வைத்தாரா என்பது வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றவனே, ஒருநாள் தொலைக்காட்சிச் செய்தியில் அதிபரின் மெய்க்காவலனாக நிற்கிறான்.

கால்பந்து அரங்கினுள், ஒரே ஓட்டமாகத் தோன்றும்படி அமைந்த துரத்தல் காட்சியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். அது வித்தைதான், மறுக்கவில்லை. ஆயினும் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மின்தூக்கிக் காட்சி. கொலைகாரனை விடுவித்த அதிகாரியிடம் நியாயம் கேட்கப்போய், அவமானப்பட்டுத் திரும்பும் எஸ்போசித்தோவும் இரேனேயும் மின்தூக்கியில் நிற்க, அவனும் உள்ளே நுழைந்து, ஒரு சொல்லும் பேசாமல் கைத்துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவை ஏற்றுகிறான். யாரும் யாரையும் தொடவில்லை, மிரட்டலும் இல்லை. ஆனால் சட்டத்தை நம்பிய இருவரின் வாழ்க்கை, அந்தச் சில தளங்களைக் கடப்பதற்குள் மாறிவிடுகிறது. விரைவிலேயே உயிருக்கு அஞ்சி எஸ்போசித்தோ வடகோடி மாகாணமான ஹுஹூய்க்கு ரயிலேற, இரேனேமீது அவர் கொண்ட காதல் நடைமேடையோடு நின்றுபோகிறது.

கொலைகாரனின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. காதலைப் பற்றி மட்டும் ஒன்று. எஸ்போசித்தோ ஏதோ பேச வரும்போதெல்லாம், ‘கதவைச் சாத்தட்டுமா?’ என்பது இரேனேயின் வழக்கமான கேள்வி. அவரோ அலுவல் பேச்சு என்று மழுப்பிவிடுவார். இறுதியில், அந்தத் தாளில் அகரத்தைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்துவிட்டு வந்து நிற்கிறார். ‘சிக்கலாக இருக்கும்’ என்கிறார் இரேனே. ‘இருக்கட்டும்’ என்கிறார் இவர். இரேனே இம்முறை கேள்வியாகக் கேட்கவில்லை, ‘கதவைச் சாத்து’ என்கிறார்.