யுலிசஸ் கிராண்ட்: ஊழல் முத்திரையும் 1871-ஆம் ஆண்டுச் சட்டமும்

[திரையில்: 50 டாலர் நோட்டு]

இந்த நோட்டில் இருப்பவர் யுலிசஸ் கிராண்ட். 1869 முதல் 1877 வரை அமெரிக்க அதிபர். 1948-இல் வரலாற்றாசிரியர்கள் போட்ட தரவரிசையில் 29 அதிபர்களில் இவருக்கு 28-வது இடம். சி-ஸ்பான் தொலைக்காட்சியின் கணிப்பில் 2000-இல் 33-வது இடம், 2021-இல் 20-வது இடம். இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்ன?

முதலில் ஊழல். அது நடந்தது உண்மை, அதை மறைத்துவிட்டு இவருக்காக வாதாடவே கூடாது. அப்போது விஸ்கிக்கு கேலனுக்கு 70 சென்ட் வரி. செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களில் ஆலைக்காரர்கள் வடித்த அளவைக் குறைத்துக் காட்டினார்கள். வரி அதிகாரிகள் பங்கு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 1875 மே மாதம் நிதியமைச்சர் பிரிஸ்டோ ஒரே நேரத்தில் பல ஊர்களில் சோதனை நடத்தி அதை உடைத்தார். குற்றவாளி யாரும் தப்பக் கூடாது என்று கிராண்டே எழுதிக் கொடுத்தார். ஆனால் விசாரணை தன் அந்தரங்கச் செயலாளர் பாப்காக்கைத் தொட்டதும், அவருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். பாப்காக் விடுதலையானார். கிராண்ட் தானே பணம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. நம்பியவரைச் சந்தேகிக்க மறுத்ததுதான் அவருடைய பெருங்குறை, நாடு அதற்கு விலை கொடுத்தது.

[திரையில்: தென் கரோலினா வரைபடம், ஒன்பது கவுன்டிகள்]

இப்போது தென் கரோலினா மாநிலத்தின் இந்த ஒன்பது கவுன்டிகளை, அதாவது மாவட்டம் போன்ற பகுதிகளைப் பாருங்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களிக்கத் தொடங்கியதும், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பு இரவுகளில் வீடு புகுந்து சவுக்கால் அடித்தது, கொன்றது. கொலை மாநிலக் குற்றம், உள்ளூரில்தான் விசாரிக்க வேண்டும். ஷெரீப் என்ற உள்ளூர்க் காவல் தலைவர் ஒன்று கிளான்காரர், இல்லை கிளானுக்குப் பயந்தவர். ஜூரியும் அப்படியே. சாட்சி சொல்ல வந்தவரின் வீடு மறுநாள் எரியும். வழக்கு எங்கே நிற்கும்?

அந்த முடிச்சைத்தான் கிராண்டின் அரசு ஒவ்வொன்றாக அவிழ்த்தது. 1870 ஜூலையில் நீதித்துறை என்ற புதிய துறை வேலையைத் தொடங்கியது. அதன் தலைவர் அமோஸ் ஏக்கர்மேன், ஜார்ஜியாக்காரர். போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படையில் இருந்தவர். 1871 ஏப்ரலில் வந்த சட்டம், பிறர் உரிமையைப் பறிக்கச் சதி செய்வதையும், அதற்காக மாறுவேடத்தில் பொதுச்சாலையில் போவதையும் மத்திய அரசுக் குற்றமாக்கியது. அந்தச் சதியில் பங்கில்லை என்று ஜூரிகள் சத்தியம் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் அதிபர் ராணுவத்தை அனுப்பலாம்; கைதானவர் தன்னை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைக்கலாம்.

அக்டோபரில் அந்த ஒன்பது கவுன்டிகளில் கிராண்ட் அந்த உரிமையை நிறுத்தியே காட்டினார். கைதானவர்களை உடனே ஜாமீனில் எடுத்து, சாட்சிகளை மிரட்ட விடும் வழி அடைபட்டது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், பலர் தாமாக வந்து ஒப்புக்கொண்டார்கள், தலைவர்கள் பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். தென் கரோலினாவின் கொலம்பியா நகர விசாரணையில் கறுப்பின ஜூரிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். கிளான் அமைப்பாக நொறுங்கியது. அமைதிக்காலத்தில் தன் குடிமக்களின் உயிரைக் காக்க ஒரு அதிபர் இவ்வளவு தூரம் போனது பெரிய காரியம். கிராண்டை எடைபோடும்போது இதுதான் முதலில் தட்டில் ஏற வேண்டும்.

இந்த வெற்றி நீடிக்கவில்லை. நீதிமன்றங்களில் ஆளும் பணமும் போதாமல் வழக்குகள் தேங்கின. 1873-இல் ஜே குக் வங்கி சரிந்து பொருளாதாரம் படுத்ததும் வடக்கு வாக்காளர்கள் அக்கறை இழந்தார்கள். 1875-இல் மிசிசிப்பி ஆளுநர் படை கேட்டபோது கிராண்ட் அனுப்பவில்லை. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், தனியாட்கள் செய்யும் வன்முறைக்கு, சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தரும் அரசியலமைப்பின் 14-வது திருத்தம் பொருந்தாது என்று கைவிரித்தது.

பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்ததே தவறு என்ற பார்வையில் அந்தக் காலத்தை எழுதினார்கள். அந்தக் கணக்கில் 1871-ஆம் ஆண்டு நடவடிக்கை கொடுங்கோன்மை, மிஞ்சியது ஊழல் மட்டும். 1960-களில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய போராட்டங்களுக்குப் பிறகுதான் அந்தப் பார்வை செல்வாக்கிழந்தது.

[திரையில்: பிளாக் ஹில்ஸ் மலைகள்]

ஆனால் இந்த மலைகளை மறந்துவிட்டு அவரைத் தூக்கிப் பிடிக்க முடியாது. 1868 ஒப்பந்தப்படி இவை சூ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடையவை. தங்கம் கிடைத்ததும், சுரங்கக்காரர்களைத் தடுக்க வேண்டாம் என்று 1875 நவம்பரில் கிராண்ட் முடிவெடுத்தார். மறு ஆண்டு போர், அடுத்த ஆண்டு நிலப்பறிப்பு. 1980-இல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதி செய்தது. சூ மக்கள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள், அவர்கள் கேட்பது மலைகளை.