கேஷும் காசும்

நேயர்களுக்கு வணக்கம். கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நம்முடைய காசு என்னும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஒலி அவ்வளவு ஒத்திருக்கும்போது நம்பாமல் இருப்பதுதான் கடினம். ஆயினும் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு, காசிலிருந்து பிறந்த கேஷ் வேறு; ஆங்கில அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம் ஒரு பெட்டி. பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் உருத்திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வந்த புதிதில் அது பணப்பெட்டியையும் குறித்தது. பிறகு பெட்டி மறைந்து, உள்ளிருந்த பணம் மட்டும் பொருளாக நின்றது. நம் தமிழாசிரியர்கள் இதனை இடவாகுபெயர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மருந்துக் கேப்ஸ்யூலும், மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸும் இதே குடும்பம். நீதிமன்றத்துக் கேஸ் மட்டும் வேறு குடும்பம்.

இன்றைய வழக்கில் நிலமும் நகையும் கேஷ் ஆகா. கடையில் எண்ணிக் கொடுக்கும் நோட்டும் நாணயமுமே கேஷ். கணக்கரின் ஏட்டிலோ வங்கியிலிருந்து உடனே எடுக்கக்கூடிய இருப்பும் அதில் அடங்கும். காசோலையைப் பணமாக்குவதற்கும் அதே சொல் வினையாக வருகிறது.

மற்றொரு கேஷின் கதைதான் நமக்குரியது. தென்னிந்தியக் கரையில் வணிகம் செய்த போர்த்துகீசியர் காசு என்பதைத் தங்கள் நாவுக்கேற்ப 'காய்ஷா' என்றனர். வேடிக்கை என்னவென்றால், காப்ஸாவிலிருந்து வந்த காய்ஷா என்ற சொல் அவர்கள் மொழியில் முன்பே இருந்தது; அதற்குப் பொருள் பெட்டி! இரண்டு சொற்களும் குழம்பியது இன்று நேற்றல்ல என்பது இதனால் விளங்கும். இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் நாணயப் பெயரான கேஷைத் தமிழ்க் காசோடுதான் இணைக்கிறது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

அந்தத் தஞ்சையின் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு என்பது பொன் நாணயம். ஆங்கிலேயர் காலத்துச் சென்னையிலோ அது செம்புச் சில்லறையாக இறங்கிவிட்டது. 80 காசு பணம் என்னும் ஒரு நாணயம், 42 பணம் நட்சத்திர வராகன் என்னும் ஒரு பொன் நாணயம், ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு என்று கணக்கிட வேண்டியிருந்தது. 1818இல் ரூபாய்க் கணக்கு வந்த பிறகுதான் சென்னை மாகாணத்துக் குமாஸ்தாக்களுக்கு இந்தப் பெருக்கல் ஓய்ந்தது. இதே பெயரைத்தான் ஐரோப்பியர், நடுவில் சதுரத் துளையிட்டுச் சரமாகக் கோக்கப்பட்ட சீனச் செம்பு நாணயங்களுக்கும் சூட்டினர். ஆகவே சீன நாணயத்தை ஆங்கிலத்தில் கேஷ் என்று படிக்கும்போது நாம் படிப்பது தமிழ்ச் சொல்லை. வங்கி முகப்பில் கேஷ் என்று படிக்கும்போதோ லத்தீன் பெட்டியை.

அம்முகப்பில் அமர்ந்திருக்கும் கேஷியரைத் தமிழில் காசாளர் என்கிறோம். மூலம் வேறானாலும் ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்திவந்த அந்தப் பெயரை ஆக்கியவர் யாராயினும் நல்ல செவியுடையவர்.