மலையில்லாத ஊரின் கோட்டைகள்: மூன்ஸ்டர்லாண்டில் ஒரு சைக்கிள் பயணம்

[காட்சி: மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவே நேராகப் போகும் மண்பாதை. தூரத்தில் ஒரு கூம்புக் கூரை.]

வணக்கம். ஜெர்மனியில் கோட்டை என்றதும் மலை உச்சியில் நிற்கும் கோபுரம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். இன்று நாம் போகிற நாட்டுப்புறத்தில் மலையே கிடையாது. நாட்டின் வடமேற்கில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி, மூன்ஸ்டர் நகரத்தைச் சுற்றிக் கிடக்கிற சமவெளி இது. மூன்ஸ்டர்லாண்ட் என்று பெயர். கொல்லைகள், மாட்டுப் பண்ணைகள், செங்கல் வீடுகள், இடையிடையே ஓக் மரத் தோப்புகள். இங்கே குன்று என்று சொல்லிக்கொள்ள இருக்கும் பவும்பெர்கெகூட 200 மீட்டரைத் தொடாது.

இப்படிப்பட்ட இடத்தில் படை வந்தால் எங்கே போய் ஏறிக்கொள்வது? மலையரணுக்கு வழியில்லை. ஆனால் மண்ணைத் தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் வந்துவிடும், சிற்றாறுகளும் நிறைய. அதனால் இந்த ஊர்க்காரர்கள் நீரரண் கட்டினார்கள். அகழிக்கு இவர்கள் பேச்சில் 'கிரேஃப்டெ' என்று பெயர். அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள், வழி கேட்கவே உதவும்.

[காட்சி: படம் வரைந்து காட்டுவது. அகழி, நடுவில் திட்டு, அடியில் மரக்கால்கள்.]

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். வட்டமாக அகழி வெட்டுவார்கள். வெட்டிய மண்ணை நடுவில் கொட்டினால் திட்டு. ஈர மண் கல்சுவரின் பாரத்தைத் தாங்காது, அதனால் ஓக் மரக்கால்களை வரிசையாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் அஸ்திவாரம். மரம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற வரை காற்று படாது. காற்று படாத மரம் நூற்றாண்டுக் கணக்கில் உளுத்துப் போகாது. நீர்மட்டம் இறங்கினால்தான் ஆபத்து. காற்று உள்ளே போகும், மரம் மட்கும், மேலே சுவர் விரிசல் விடும். எதிரியைத் தடுக்க வெட்டிய அகழிதான் கட்டடத்தையும் தாங்கி நிற்கிறது. என்னைக் கேட்டால், ஒரு நீர்க்கோட்டையை உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்னால் கரையோரமாக ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். டிக்கெட் வாங்குவதெல்லாம் அப்புறம்.

சரி, முதல் கோட்டைக்குப் போவோம். ஃபிஷெரிங் கோட்டை. டோர்ட்முண்டிலிருந்து என்ஷெடே போகும் ரயில் பாதையில் லூடிங்ஹவுசன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இறங்கினால் சைக்கிளில் கொஞ்ச நேரம்தான்.

[காட்சி: ஃபிஷெரிங். நீரில் நிழல் விழும் வட்டச் சுவர்.]

1271இல் மூன்ஸ்டர் ஆயர், அதாவது பிஷப், கெர்ஹார்ட் இதைக் கட்டத் தொடங்கினார். ஆயர் எதற்குக் கோட்டை கட்டினார்? அந்த நாளில் மூன்ஸ்டர் ஆயர் வழிபாட்டுத் தலைவர் மட்டுமல்ல, நாட்டை ஆண்ட அரசரும் அவர்தான். 1803 வரை அந்த ஆட்சி நீடித்தது. பக்கத்திலேயே லூடிங்ஹவுசன் பிரபுக்கள் அவருக்கு அடங்காமல் இருந்தார்கள். அவர்களைக் கண்காணிக்க எழுந்த கோட்டை இது. பிறகு அதைத் தன் அதிகாரிகளில் ஒருவரான ட்ரோஸ்டெயிடம் ஒப்படைத்தார். ட்ரோஸ்டெ என்பது முதலில் பதவியின் பெயர். பதவி பரம்பரையாக வந்ததும் அது குடும்பப் பெயராகிவிட்டது. ஆயருக்குக் கீழே இப்படிப் பல பிரபுக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் நிலம், நிலத்தில் ஒரு வீடு, வீட்டைச் சுற்றித் தண்ணீர். இந்தச் சமவெளியில் இத்தனை கோட்டைகள் நெருக்கமாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

ஃபிஷெரிங்கில் ஒரே தீவு அல்ல. முதலில் வெளித்திட்டு, கொட்டிலும் களஞ்சியமும் அங்கே. அதைத் தாண்டிப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் வட்டமான உட்கோட்டை. 1521இல் தீப்பிடித்து எரிந்தது. பழைய அஸ்திவாரத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். அதனால் அடியில் தடித்த போர்ச்சுவர், மேலே அகலமான ஜன்னல்கள். பாலத்தில் நின்று கீழிருந்து மேலாகப் பார்த்தால், பயந்து வாழ்ந்த காலமும் பயம் குறைந்த காலமும் ஒரே சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும்.

உள்ளே அருங்காட்சியகம். அங்கே ஒரு பொருளின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்: ஓர் இரும்புக் கழுத்துப்பட்டை. வெளியே மொழுமொழுவென்று இருக்கிறது, உள்பக்கம் முழுக்க முள். 1520இல், பக்கத்துக் காகெஸ்பெக் கோட்டையின் பிரபு லாம்பெர்ட் ஃபொன் ஊர் என்பவரை மறித்து, அவருடைய பகையாளி இதைக் கழுத்தில் மாட்டிப் பூட்டிவிட்டார். பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. கடைசியில் மூன்ஸ்டரில் ஒரு கொல்லர், அவர் தலையைப் பட்டறைக் கல்லில் வைத்து, சுத்தியலால் அடித்தே உடைத்தெடுத்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் அந்த முட்கள் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்தால் கழுத்து கூசுகிறது. இவர்கள் ஏன் இவ்வளவு தண்ணீருக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பது எனக்கு அந்தப் பட்டையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

[காட்சி: நோர்ட்கிர்ஷன். நீண்ட சாலையின் முடிவில் செங்கல் அரண்மனை.]

அங்கிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் சைக்கிளில் நோர்ட்கிர்ஷன். 'வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்' என்று இதைச் சொல்வார்கள். வெஸ்ட்ஃபாலியா என்பது மூன்ஸ்டர்லாண்டையும் உள்ளடக்கிய வட்டாரம், வெர்சாய் பிரெஞ்சு மன்னர்களின் பெரிய அரண்மனை. 1703இல் தொடங்கி 1734 வரை கட்டினார்கள். கட்டச் சொன்ன ஆயர்-அரசர் பிளெட்டென்பெர்க் 1706இலேயே இறந்துவிட்டார், குடும்பம்தான் முடித்தது. இங்கேயும் நாலு பக்கமும் அகழி உண்டு. ஆனால் இந்தத் தண்ணீர் யாரையும் தடுப்பதற்கு அல்ல. அரண்மனையின் நிழல் அதில் விழ வேண்டும், அவ்வளவுதான். பீரங்கி வந்த பிறகு அகழிக்குப் போர்க்களத்தில் மதிப்புக் குறைந்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் சூழ்ந்த வீடுதான் பிரபுவின் வீடு என்ற பழக்கம் இவர்களை விடவில்லை.

இன்றைக்கு அது கல்லூரி. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் வரித்துறை அதிகாரிகள் இங்கேதான் படிக்கிறார்கள். சிலைகளுக்கு நடுவே முதுகுப் பையோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. பயன்பாட்டில் இருக்கிற கட்டடத்துக்கு ஒரு களை உண்டு. தோட்டத்தில் சுற்றக் கட்டணம் இல்லை. உள்ளறைகளுக்கு மட்டும் வழிகாட்டியோடு போக வேண்டும்.

இந்த இடங்களையெல்லாம் இணைக்க '100 அரண்மனைப் பாதை' என்ற சைக்கிள் வழி இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 960 கிலோமீட்டர், நாலு சுற்றுகள். முழுவதும் போக வேண்டும் என்றில்லை, தெற்குச் சுற்றில் இரண்டு நாள் போதும். மேடு இல்லாததால் சைக்கிள் பழக்கம் குறைந்தவர்களுக்கும் கால் வலிக்காது. எதிர்க்காற்று வந்தால்தான் சிரமம். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. நான் தெரியாமல் போய், ஒரு வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம், சில அரண்மனைகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. டார்ஃபெல்ட் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அதன் அழகான தூண் தாழ்வாரத்தை நீருக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்க வேண்டும். 'பிரிவாட்' என்று பலகை இருந்தால் அது ஒருவருடைய வீடு. கேட்டைத் தாண்ட வேண்டாம்.

[காட்சி: ரூஷ்ஹவுஸ். முன்பக்கம் பெரிய மரக்கதவு.]

எனக்கு மிகவும் பிடித்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மூன்ஸ்டர் நகரத்தின் மேற்கு ஓரத்தில் ரூஷ்ஹவுஸ். கட்டியவர் யோஹான் கோன்ராட் ஷ்லவுன். நோர்ட்கிர்ஷனில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர்களில் ஒருவர். ஊருக்கெல்லாம் அரண்மனை கட்டியவர், 1745 முதல் 1749க்குள் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு இது. முன்பக்கம் போய் நின்றால் சாதாரண மூன்ஸ்டர்லாண்ட் பண்ணை வீடு: வைக்கோல் வண்டி நுழையும் அளவுக்குக் கதவு, உள்ளே களம், இரு பக்கமும் கொட்டில். களத்தைத் தாண்டினால் சமையற்கட்டு, பெரிய அடுப்பு. அதையும் தாண்டினால் சட்டென்று தோட்டத்தைப் பார்த்த ஒரு கூடம், பிரபு வீட்டுக் கூடம்! பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இது பண்ணை வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

1826இல் இந்த வீட்டுக்குக் கவிஞர் அனெட்டே ஃபொன் ட்ரோஸ்டெ-ஹூல்ஸ்ஹோஃப் குடிவந்தார். தந்தை இறந்துவிட, பிறந்த வீடான ஹூல்ஸ்ஹோஃப் நீர்க்கோட்டை தம்பி வசம் போயிற்று. தாயும் இரண்டு பெண்களும் இங்கே வந்தார்கள். அவருக்குக் கிடைத்தது கூரை தாழ்ந்த சின்ன அறைகள். அவற்றைத் தன் 'நத்தை வீடு' என்று அழைத்தார். யூரோ வருவதற்கு முன்பு 20 மார்க் நோட்டில் இருந்த முகம் அவருடையதுதான்.

இரண்டு வீடுகளுக்கும் இடையே இப்போது ஒரு நடைபாதை இருக்கிறது, ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அவர் நடந்த கொல்லைகளுக்கும் தோப்புகளுக்கும் நடுவே, அவர் கவிதைகளோடு போகிறது. ரூஷ்ஹவுஸில் பராமரிப்பு வேலை நடக்கும் காலமும் உண்டு, அதனால் திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் நடையை விட்டுவிடாதீர்கள். சைக்கிளைப் பூட்டிவிட்டு, பிற்பகலில் புறப்படுங்கள்.

[காட்சி: நடைபாதையின் முடிவு. மரங்களுக்கு இடையே அகழி, அதில் ஹூல்ஸ்ஹோஃபின் நிழல்.]

பாதை முடிகிற இடத்தில் மரங்கள் விலகும். முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான்.