மகளிரியல் துறையை நடத்துகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெண்களின் வாழ்வையும் நிலையையும் ஆராய்கிற மகளிரியல் துறை என்றதும் மார்ச் 8 விழா, கோலப் போட்டி, நினைவுப் பரிசு, இவைதான் பலருக்கு ஞாபகம் வரும். அந்தத் துறையை அன்றாடம் இழுத்துக்கொண்டு போகிற மனிதர்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். பேராசிரியர், கோப்பு கட்டுகிறவர், தட்டச்சு செய்கிறவர், படிவத்தோடு ஊர் ஊராகப் போகிறவர், எல்லோரும் சேர்ந்துதான் துறை.

நம் நாட்டில் இது தொடங்கியது 1974இல். பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் என்ற சமூகவியல் பேராசிரியர் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவை ஆரம்பித்தார். அதே ஆண்டு முடிவில், பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்த குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. குழுவின் செயலர் வீணா மஜும்தார். அதில் ஒரு கணக்கு: 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள், 1971இல் 930. சுதந்திரம் வந்து, பள்ளிக்கூடம் வந்து, ஆஸ்பத்திரி வந்து, பெண்கள் குறைந்திருக்கிறார்கள்! அந்தக் கணக்கைப் பார்த்துத் திகைத்துப்போனவர்கள்தான் இந்தத் துறையைக் கட்டினார்கள்.

சரி, ஆவணப் பிரிவுக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எண்பதுகளில் நான் வேலை பார்த்த மையத்தில் அதை ஓர் அக்கா கவனித்துக்கொண்டார். ஒரு மேசை, கத்தரிக்கோல், கோந்து பாட்டில், பழுப்பு உறைகள். தினசரிகளில் பெண்களைப் பற்றிய செய்தி எதுவானாலும் வெட்டி, தாளில் ஒட்டி, ஓரத்தில் தேதி போட்டு உறைக்குள் வைப்பார். கேட்பதற்குச் சின்ன வேலை. எந்த உறையில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு.' இந்த மாதிரிச் செய்தி அப்போது உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். உள்பக்கத்தில் நாலு வரி. "விபத்துன்னு போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "இரும்மா. கல்யாணமாகி எத்தனை வருஷம்னு போட்டிருக்கா பாரு. வீட்டிலே வேற யாருக்காவது காயமான்னு பாரு" என்றார். பார்த்தோம். ஒன்றரை வருஷம். வேறு யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. அந்தத் துண்டு விபத்து உறைக்குப் போகவில்லை. அதற்கென்று தனி உறை போட்டார் அக்கா. அது மாதாமாதம் தடித்துக்கொண்டே வந்தது. தனித்தனியாகப் படித்தால் நாலு வரி விபத்து. ஓரிடத்தில் சேர்த்துப் படித்தால் குலை நடுங்கும்.

இவை விபத்தல்ல, வரதட்சணைச் சாவு என்று சொல்லித்தான் நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983இல், மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவரையும் அவர் வீட்டாரையும் தண்டிக்கிற 498ஏ என்ற தண்டனைச் சட்டப் பிரிவு வந்தது, 1986இல் வரதட்சணைச் சாவுக்கான 304பி. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் என்று அந்தப் பிரிவு சொன்னதல்லவா? அக்கா கேட்டதும் அதையேதான், கல்யாணமாகி எத்தனை வருஷம்? இதை வெறும் கத்தரிக்கோல் வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சேர்த்து வைப்பது எத்தனை பெரிய காரியம் என்று நீரா தேசாய்க்குத் தெரிந்திருந்தது. அவரும், அவரோடு பணியாற்றிய மைத்ரேயி கிருஷ்ணராஜும், நம் எழுத்தாளர் அம்பையும் 1988இல் ஸ்பேரோ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் குரலையும் படங்களையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள்.

நேரமாகிறது என்று சைகை வந்துவிட்டது. கள ஆய்வாளர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். "வேலைக்குப் போறீங்களா?" என்றால், விடியுமுன் மாடு கறந்து, களையும் எடுத்துவிட்டு வந்த பெண், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார். கேள்வியை மாற்றுங்கள் என்று மகளிரியல்காரர்கள் விடாமல் கேட்டார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வயல் வேலையும் குடும்பத் தொழில் வேலையும் கேள்விக்குள்ளேயே வந்தன.

அப்புறம் ஒன்றே ஒன்று. இந்த மையங்களில் பலருக்குத் தொகுப்பூதியம்தான். மையங்களுக்குப் பணம் ஐந்தாண்டுத் திட்டங்கள் வழியாக வந்ததால், திட்டம் ஒன்று முடியும்போதெல்லாம் வேலை நீடிக்குமா என்ற கவலை இருந்தது. 2017இல் பன்னிரண்டாம் திட்டம் முடிந்தபோதும் அதே தவிப்பு. அந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று இந்த வானொலி வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.