அம்மா சேர்த்து வைத்த சோப்பு

எல்லோருக்கும் வணக்கம். இழப்பு, நினைவு, கலை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பெரிய சொற்கள். நான் துணி சோப்பிலிருந்து தொடங்குகிறேன்.

பெய்ஜிங்கில் சாவோ சியாங்யுவான் என்று ஓர் அம்மா இருந்தார். அந்தக் காலச் சீனாவில் சோப்புக்கும் ரேஷன்தான். பிள்ளைகள் நாளைக்குச் சோப்பில்லாமல் அல்லாடக்கூடாதே என்று, துவைக்கிறபோதே மிச்சம் பிடித்து, காயவைத்து, அடுக்கிக்கொண்டே வந்தார். மகன் சோங் தோங் 1966ல் பிறந்தவர். சில கட்டிகள் அவரைவிட மூத்தவை! அவருக்குக் கல்யாணம் ஆனதும் அம்மா அந்தச் சோப்பை எடுத்து நீட்டினார். வாஷிங் மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று மகன் வாங்கவில்லை. அம்மா அதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

2002ல் அப்பா திடீரென்று இறந்துபோனார். அப்புறம் அம்மா எதையுமே தூக்கிப் போடவில்லை. காலி பாட்டில், பற்பசைக் குழாய், துணித் துண்டு, பழைய செருப்பு என்று சேர்ந்து, வீட்டில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் ஒழித்துப்போட்டால் அம்மாவுக்குக் கோபம். நமக்குத் தெரியாத சண்டையா இது?

மகன் கலைஞர். 2005ல் என்ன செய்தார் தெரியுமா? பழைய வீட்டின் மரச்சட்டத்தோடு, 10,000க்கு மேற்பட்ட அந்தப் பொருள்களை அப்படியே ஒரு கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அடுக்குகிற வேலையை அம்மாவிடமே கொடுத்தார். மேலே நியான் எழுத்தில் இறந்தவருக்கு ஒரு சேதி: அப்பா, கவலைப்படாதீங்க, அம்மாவும் நாங்களும் நல்லா இருக்கோம். பார்க்க வந்தவர்கள் அம்மாவிடம் நின்று பேசினார்கள். நுகர்வுப் பண்பாடு பற்றிய விமர்சனம் இது என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். துக்கத்தில் முடங்கிப்போன ஒரு மனுஷிக்கு வேலையும் பேச்சுத்துணையும் கிடைத்தனவே, எனக்கு அதுதான் பெரிது.

அப்பா இருந்தபோதே, 1997ல், சோங் தோங் இன்னொன்று செய்திருக்கிறார். தொட்டுப் பழகாத அப்பாவும் மகனும். தன் கையை வீடியோ எடுத்து, அந்த ஒளிக்கை அப்பாவின் உடம்பைத் தடவும்படி விழச்செய்தார். அப்பா கோட்டைக் கழற்றினார், பிறகு சட்டையை, கடைசியில் பனியனையும். நம்மில் எத்தனை பேர் அப்பாவின் முதுகைத் தொட்டிருக்கிறோம், எண்ணெய் தேய்த்துவிட்ட நாள் தவிர?

2009ல் அம்மாவும் போய்விட்டார். மரத்தில் காயம்பட்டுக் கிடந்த பறவையைக் காப்பாற்றப் போய் விழுந்தார். அதே ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், 2012ல் லண்டன் பார்பிகன் கலை மையத்திலும் அத்தனை சாமானையும் மறுபடி பரப்பினார்கள். அடுக்குகிற வேலை இப்போது பிள்ளைகளுடையது. மகன் அந்தச் சோப்பைக் கையில் வாங்கியது அப்படித்தான்.