உளியும் மெஷினும்

அவையோருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தச்சர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மரச்சிற்பக் கலை அழிந்துகொண்டிருக்கிறது, மெஷின் வந்து கெடுத்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. திருவாரூர் ஆழித்தேரையே பாருங்கள். அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. அந்தக் காலத்தில் அது நிலைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தார்கள். அடியில் இரும்பு, மேலே உளி செதுக்கிய சிற்பங்கள். பிரேக் வந்ததால் அந்தச் சிற்பங்களின் மதிப்பு ஒரு இம்மியும் குறையவில்லையே!

சரி, இப்போது வீட்டுக் கதவுக்கு வருவோம். கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால் சி.என்.சி. மெஷின் சில மணி நேரத்தில் ஒரு கஜலட்சுமியைச் செதுக்கித் தந்துவிடுகிறது. பக்கத்தில் போய் உற்றுப் பாருங்கள். கதவு வேலைக்கு வழக்கமாக ஓட்டும் மெஷினின் முனை சுழன்றபடி மேலிருந்து கீழேதான் இறங்கும். அதனால் யானையின் காது பலகையோடு ஒட்டிக் கிடக்கும். கைவேலைக்காரர் உளியைச் சாய்த்துப் பிடித்து, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, காதுக்குப் பின்னால் குடைந்துகொண்டே போவார். அந்தக் குடைவில் நிழல் விழும்போதுதான் யானைக்கு உயிர் வருகிறது. மரத்தின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே முடிச்சு இருக்கிறது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். மெஷினுக்கு எல்லாம் ஒரே பலகைதான்.

அதனால் வெட்டி நீக்க வேண்டிய மரத்தை மெஷின் எடுக்கட்டும், முகத்தையும் விரலையும் கை செதுக்கட்டும் என்கிறேன். இதில் தீட்டு ஒன்றும் இல்லை. ஆனால் மெஷினில் ஓட்டியதைக் கைவேலை என்று சொல்லி விற்பது மோசடி. அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

பெரம்பலூர் பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று மரம் பார்த்து, ஒரே கட்டையில் சாமி சிலை வடிக்கிறவர்கள் அவர்கள். குறியீடு பெயரைக் காக்கும். கூலியை உயர்த்த வேண்டியது வாங்குகிற நாம்தான். மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியில் மரச்சிற்பமும் பாடமாக இருக்கிறது. படித்து வெளியே வரும் பிள்ளைக்கு வேலை கொடுக்க ஒரு வீட்டுக்காரர் வேண்டாமா?

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளை இடித்துக் கழற்றிய பர்மா தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அதை வாங்கி, மேலே கண்ணாடி போட்டு, சாப்பாட்டு மேசை ஆக்குகிறார்கள். விறகாகப் போவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தப் பழைய நிலையைச் செதுக்கியவரின் பேரனுக்கு அந்த விற்பனையில் ஒரு ரூபாயும் போகாது என்பது நெஞ்சை அறுக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அபார்ட்மென்ட்டோ தனி வீடோ, பூஜை அறைக் கதவை மட்டுமாவது கைவேலையாகச் செய்யச் சொல்லுங்கள். அஸ்திவாரம் போடும்போதே ஆசாரியிடம் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மரம் காயவே மாதக்கணக்கில் ஆகும். கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் நின்றால் அவரும் மெஷின் கடைக்குத்தான் வழி காட்டுவார்.